பூச்சிதானே என்று தள்ள வேண்டாம்
(முன்னாள் மாணவர் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரை)



சிங்காரப்பேட்டையிலிருந்து பஸ் ஏறி வந்து விலங்கியல் படித்தவன் நான். பிறகு முப்பது ஆண்டு பட்டுப்புழு வளர்ப்போரோடு வேலை பார்த்தேன். "என்னப்பா, ஆயுசு முழுக்கப் புழுவோடயே கழிச்சிட்டியே" என்று நண்பர்கள் கேலி செய்வார்கள். அந்தப் புழுதான் நம் மாவட்டத்தில் எத்தனையோ வீடுகளில் அடுப்பு எரிய வைத்திருக்கிறது. பட்டுப்பூச்சியும் ஓர் அந்துப்பூச்சிதான். மனிதன் பல்லாயிரம் ஆண்டு வளர்த்து வளர்த்து, இன்று அதற்குப் பறக்கவே தெரியாது. வாய் இருந்தும் உண்ணாது. கூட்டை விட்டு வந்து, இணை சேர்ந்து, நானூறு ஐந்நூறு முட்டை இட்டுவிட்டு மடிந்து போகும். ஓசூரில் உள்ள மத்திய பட்டு வாரியத்தின் மரபுவள மையத்தில் நானூறுக்கு மேற்பட்ட பட்டுப்புழு இனங்களைக் காப்பாற்றி வருகிறார்கள். பணம் தரும் பூச்சிக்கு இவ்வளவு கவனிப்பு. மற்றவற்றுக்கு?

உலகில் பெயரிடப்பட்ட வண்ணத்துப்பூச்சிகள் ஏறத்தாழ 18,000. அந்துப்பூச்சிகளோ ஒன்றரை லட்சத்துக்கும் மேல். தமிழ்நாட்டில் மட்டும் முந்நூறுக்கு மேற்பட்ட வண்ணத்துப்பூச்சி இனங்கள் பதிவாகியுள்ளன. 2019-ல் நம் அரசு தமிழ் மறவன் என்ற பூச்சியை மாநில வண்ணத்துப்பூச்சியாக அறிவித்தது. அது மேற்குத் தொடர்ச்சி மலைவாசி. நம் பக்கத்துக் காடும் சளைத்ததல்ல. 2014-ல் கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் 504 சதுர கிலோமீட்டர் காடு காவிரி வடக்கு வனவிலங்கு சரணாலயமானது. 2022-ல் அதையொட்டி 686 சதுர கிலோமீட்டரில் காவிரி தெற்கு சரணாலயம் வந்தது. யானைக்காக அந்தக் காட்டுக்குப் பெயர். ஆனால் ஆற்றோர ஈர மணலில் கொஞ்சம் குனிந்து பாருங்கள். பூச்சிகள் கூட்டமாக உட்கார்ந்து உறிஞ்சிக் கொண்டிருக்கும். தாகத்துக்கு அல்ல, உப்புக்கு. பெரும்பாலும் ஆண்கள். பெண்ணுக்குக் கொடுக்கும் சீர்வரிசையில் அந்த உப்பும் ஒரு பங்கு!

வண்ணத்துப்பூச்சிக்கும் அந்துப்பூச்சிக்கும் என்ன வித்தியாசம் என்று மாணவர்கள் கேட்பதுண்டு. வண்ணத்துப்பூச்சியின் உணர்கொம்பு நுனியில் தீக்குச்சித் தலை மாதிரித் தடித்திருக்கும். அந்துப்பூச்சிக்கு இறகு போலவோ நூல் போலவோ இருக்கும். முன்னது பெரும்பாலும் பகலில் பறக்கும், பின்னது இரவில். விதிவிலக்கு உண்டு, பரீட்சையில் அதையும் எழுதுங்கள்.

இவற்றைப் பார்க்கக் காட்டுக்குத்தான் போக வேண்டும் என்பதில்லை. நம் மாவட்டத்து மாமரத்திலேயே ஒரு வித்தைக்காரன் இருக்கிறான். பேரன் என்ற வண்ணத்துப்பூச்சியின் புழு அது. நம் வீட்டுப் பேரன் அல்ல, ஆங்கிலப் பெயரே அப்படி. பச்சை உடம்பு, முதுகில் ஒரு வெளிர்க் கோடு. அந்தக் கோட்டை மாவிலையின் நடுநரம்போடு பொருத்திப் படுத்துக்கொள்ளும். தோட்டக்காரரே தொட்டாலொழியக் கண்டுபிடிக்க முடியாது. கறிவேப்பிலையில் எலுமிச்சைப் பட்டாம்பூச்சியின் புழு, எருக்கில் பிளெய்ன் டைகர், ஆமணக்கில் இன்னொன்று. ஒவ்வொன்றுக்கும் இன்ன செடி என்று கணக்கு உண்டு. செடி போனால் பூச்சி போச்சு.

எல்லாம் நண்பர்கள் என்றும் நான் சொல்ல மாட்டேன். நிலக்கடலை போட்டவர்களுக்குக் கம்பளிப்பூச்சியைத் தெரியும். கோடை மழை பெய்த இரண்டு மூன்று நாளில் தாய் அந்துகள் மண்ணிலிருந்து கிளம்பும். என் தாத்தா மாலையில் வரப்பில் செத்தை கூட்டித் தீ மூட்டுவார். விட்டில்கள் தாமே வந்து விழும். பூச்சியின் பழக்கம் தெரிந்ததால் கிடைத்த வைத்தியம் அது. எதிரியையும் பெயர் சொல்லி அறிந்தவர் அவர்.

இப்போது நான் செய்த ஒரு தவறைச் சொல்லியாக வேண்டும். விடுதிக்குப் பின்னால் கிணற்றடி மூலை பலருக்கும் நினைவிருக்கும். அங்கே ஆடுதீண்டாப்பாளை படர்ந்திருந்தது. பெயருக்கேற்ப ஆடு தொடாத கசப்பு. அதைத் தின்று வளர்வது கிரிம்சன் ரோஸ், காமன் ரோஸ் என்ற இரண்டின் புழுக்கள். செடியின் நஞ்சு பூச்சியின் உடம்பில் ஏறும். ஒருமுறை தின்ற பறவை மறுமுறை தொடாது. இதைப் பார்த்து, நஞ்சே இல்லாத காமன் மார்மன் என்ற பூச்சியின் பெண் அதே கறுப்பு சிவப்பு வேடம் போடும். புலித்தோல் போர்த்திய பசு என்று வைத்துக்கொள்ளுங்கள். மாணவனாக இருந்தபோது மூன்றையும் அந்த மூலையில்தான் பிரித்தறியக் கற்றேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு விழாவுக்காக வளாகத்தைச் சுத்தம் செய்ய வேண்டும் என்றார்கள். "களையெல்லாம் எடுத்துடுங்க, பளிச்னு இருக்கட்டும்" என்று சொன்னவன் நான்தான். வேரோடு எடுத்துவிட்டார்கள். அடுத்த ஆண்டு மழைக்குப் பிறகு வந்து பார்த்தேன். இரண்டு ரோஸும் இல்லை. மார்மன் மட்டும் கறிவேப்பிலை மரத்தைச் சுற்றிக் கொண்டிருந்தது. புலி இல்லாத ஊரில் புலி வேடத்துக்கு யார் பயப்படுவார்கள்? படித்தவன் செய்த காரியம் அது. யாரையும் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

அந்த மூலையில் இப்போது டைல்ஸ் போட்டு மேடை கட்டலாம் என்று நம் சங்கத்தில் ஒரு யோசனை இருக்கிறது. நல்ல எண்ணம்தான். மேடையை முன்புறம் கட்டுவோம், செலவில் என் பங்கைத் தருகிறேன். அந்தக் கால் ஏக்கரை மட்டும் விட்டுவிடுங்கள். எருக்கு, கிலுகிலுப்பை, ஆமணக்கு, ஒரு கறிவேப்பிலை, மீண்டும் ஆடுதீண்டாப்பாளை, இவை போதும். பெங்களூரு பன்னர்கட்டாவில் 2006-ல் பூங்கா வைத்தார்கள். ஸ்ரீரங்கத்தில் 2015-ல் 25 ஏக்கரில் வைத்தார்கள். நமக்கு அவ்வளவு வேண்டாம்.

மாணவர்களுக்கு ஒரு வேலை. ஒரு நோட்டு வாங்கி தேதி, இடம், எந்தச் செடி, எத்தனை பூச்சி என்று எழுதுங்கள். செல்போனில் படம் இருந்தாலும் எழுதுங்கள். வடகிழக்குப் பருவமழைக்கு முன் நீல வேங்கைப் பூச்சிகளும் கறுப்புக் காக்கைப் பூச்சிகளும் கிழக்குத் தொடர்ச்சி மலைகளிலிருந்து மேற்குத் தொடர்ச்சி மலைக்குக் கூட்டமாகப் போவதை ஆர்வலர்கள் பல ஆண்டுகளாகப் பதிவு செய்து வருகிறார்கள். ஒருகாலத்தில் படைகள் கடந்த செங்கம் கணவாய் நம் சிங்காரப்பேட்டை வாசலில்தான் இருக்கிறது. செப்டம்பர், அக்டோபரில் அங்கே நின்று மேலே பாருங்கள். எந்தத் திசையில் போகிறது, ஐந்து நிமிடத்தில் எத்தனை என்று குறித்தால் அதுவே ஆராய்ச்சி.

ஓசூரில் இரவு ஷிப்ட் பார்க்கும் நண்பர்களுக்கும் ஒன்று. விடியற்காலையில் கேட் விளக்கின் கீழே சுவரைப் பாருங்கள். நேற்றிரவு வந்த அந்துகள் ஒட்டியிருக்கும். துடைப்பம் வருவதற்கு முன் ஒரு படம் எடுங்கள். வேண்டாத விளக்கை அணைக்கவும் சொல்லுங்கள்.

அடுத்த சந்திப்பில் ரோஸ் திரும்பி வந்ததா என்று ஒரு மாணவர் இந்த மேடையில் எழுந்து சொல்ல வேண்டும். அதைக் கேட்க நான் முதல் வரிசையில் உட்கார்ந்திருப்பேன்.