பச்சையாகத் தெரிவதெல்லாம் பயிரா?

(உழவர் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



இராமநாதபுரம் மாவட்டத்துக் கண்மாய் ஒன்றைச் சித்திரை மாதச் செயற்கைக்கோள் படத்தில் பார்த்தால் நல்ல பசுமையாகத் தெரியும். படத்தை மட்டும் பார்ப்பவர், "இங்கே சூழல் செழிப்பாக இருக்கிறது" என்று எழுதிவிடக்கூடும். அங்கே நிற்பது சீமைக் கருவேல் என்பது உங்களுக்குத் தெரியும்.

பச்சை இலை, வெயிலிலுள்ள சிவப்புக் கதிரை உறிஞ்சிக் கொள்ளும். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிரைத் திருப்பி அனுப்பும். இவ்விரண்டையும் ஒப்பிட்டுக் கணக்கிடுவதே பசுமைக் குறியீடு. இலை நெல்லுடையதா, முள்மரத்துடையதா என்று அது கேட்பதில்லை.

1988-ல் நம் நாடு அனுப்பிய ஐ.ஆர்.எஸ். 1ஏ செயற்கைக்கோளின் ஒரு கருவியில், படத்தின் ஒரு புள்ளி சுமார் ஒண்ணேகால் ஏக்கருக்கு மேல். சிறு விவசாயியின் நிலம் முழுவதும் அதற்குள் அடங்கிப் போகும். 2015 முதல் படம் எடுத்துவரும் ஐரோப்பாவின் சென்டினல்-2 வரிசையில் ஒரு புள்ளி இரண்டரை சென்ட்தான். ஓர் ஏக்கருக்கு நாற்பது புள்ளிகள்!

ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் மேகம் மறைத்தால் இவ்வகைப் படத்தால் பயனில்லை. பயிர் நிற்பதோ அப்போதுதான். அதற்கு ரேடார் செயற்கைக்கோள் வேண்டும். அதன் அலைகள் மேகத்தைக் கடந்து வரும். தேங்கிய நீர் அதில் கருமையாகத் தெரியும். நெல் வளர வளர வெளுக்கும்.

கருவேலைப் பிரித்தறிய ஒரு வழி, ஆண்டு முழுவதும் எடுத்த படங்களை வரிசையாகப் பார்ப்பது. நெல்லின் பசுமை மார்கழியில் ஏறி, அறுவடையோடு இறங்கும். கருவேலின் பசுமை கோடையிலும் அவ்வளவாகக் குறையாது.

இது வெறும் ஆராய்ச்சிச் சங்கதி அன்று. மைய அரசின் 2016-ஆம் ஆண்டு வறட்சி மேலாண்மைக் கையேடு, பயிர் நிலையை மதிப்பிடும் அளவுகோல்களில் இந்தப் பசுமைக் குறியீட்டையும் சேர்த்திருக்கிறது. உங்கள் நெல் கருகி, பக்கத்துத் தரிசில் கருவேல் பச்சையாக நின்று, இரண்டையும் சேர்த்துக் கணக்கிட்டால் ஊரின் வறட்சி குறைவாகத்தானே தெரியும்? ஆகவே சர்வே எண், பயிர், விதைத்த தேதி, வாடத் தொடங்கிய தேதி ஆகியவற்றை ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். அடங்கலிலும் பயிர் சரியாகப் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். கள ஆய்வுக்கு வருபவரிடம் நோட்டைக் காட்டுங்கள்.

உப்பு விஷயமும் இப்படித்தான். கோடையில் உப்புப் பூத்த நிலம் படத்தில் வெளுப்பாகத் தெரியும். காய்ந்த மணலும் வெளுப்புத்தான். ஐயம் இருந்தால் மேல் 15 செ.மீ. மண்ணைப் பல இடங்களில் எடுத்துக் கலந்து, அரைக் கிலோ பரிசோதனைக்கு அனுப்புங்கள். நிறைநிலை மண்சாற்றின் மின்கடத்துதிறன் 4 டெசிசீமன்/மீட்டருக்கு மேல் இருந்தால் அது உவர் நிலம்.