டாங்க் மூடியும் சுவாசமும்

(இராஜபாளையத்தில் நடைபெற்ற ஆதரவாளர் கூடுகையில் நமது மருத்துவமனைக் குருவானவர் ஆற்றிய உரை)



வார்டு கணக்கையும் கட்டட நிதியையும் டாக்டர் அம்மா சொல்லிவிட்டார்கள். நாங்கள் பேச வந்தது பெட்ரோல் வாசனையைப் பற்றி. சிரிக்க வேண்டாம்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு தாயார் இருக்கிறார்கள். சிறு வயது முதல் பஞ்சாலையில் உழைத்து, பஞ்சுத் தூசியால் நெஞ்சு பழுதுபட்டவர்கள். இந்த ஊர்க்காரர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. குணமாகி வீடு திரும்பிய அன்று நமது பழைய பெட்ரோல் வேனில் அழைத்துப் போனோம். கொஞ்ச தூரந்தான். பாதி வழியிலேயே வாந்தி, திரும்பவும் இளைப்பு. இறங்கும்போது, "ஐயா, அடுத்த தடவை நான் பஸ்ஸுலயே வந்துருதேன்" என்றார்கள். நாங்கள் தலைகுனிந்து நின்றோம். வேனுக்குள் அந்த நெடி வெகுநாளாகவே உண்டு. பழைய வண்டி என்றால் அப்படித்தான் என்று இருந்துவிட்டோம்.

இத்தனைக்கும் புகைச் சான்றிதழ் நாள் தவறாமல் வாங்கி வைத்திருந்தோம். அந்தச் சோதனை பின்குழாயில் வரும் புகையைத்தான் பார்க்கிறது. டாங்க்கிலிருந்து ஆவியாய்க் கசிவதை அளப்பதில்லை. மெக்கானிக் தம்பி பார்த்தபோது மூடியின் ரப்பர் வாஷர் நைந்திருந்தது, குழாயில் வெடிப்பு. கரி நிரப்பிய கேனிஸ்டரை எப்போதோ ஒரு பட்டறையில் "இது எதற்கு" என்று கழற்றிப் போட்டிருக்கிறார்கள்.

எதற்கு என்றால், வெயிலில் டாங்க் சூடேறும்போது கிளம்பும் ஆவியை அந்தக் கரி பிடித்து வைத்துக்கொள்ளும். வண்டி ஓடும்போது இன்ஜின் அதை இழுத்து எரித்துவிடும். கார்புரேட்டர் காலத்து அம்பாசடர், பத்மினி வண்டிகளில் பெரும்பாலும் அது கிடையாது. (பத்மினி வாங்க வேண்டுமென்று வாலிபத்தில் நாங்களும் ஆசைப்பட்டதுண்டு.)

அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரை மூடிய கண் எரிச்சல் மூட்டத்தை 1950-களில் ஆராய்ந்தவர் ஹாகன்-ஸ்மிட் என்ற விஞ்ஞானி. எரியாத பெட்ரோல் ஆவியும் வாகனப் புகையும் சூரிய ஒளியில் கலந்து ஓசோன் உண்டாகிறது என்று அவர் காட்டினார். உயரே வானத்தில் நம்மைக் காக்கிற அதே ஓசோன், மூக்கருகே வந்தால் நுரையீரலை அரிக்கும். 1970-ஆம் வருட மாடல் முதல் கலிபோர்னியா ஆவிக் கட்டுப்பாட்டைக் கட்டாயமாக்கியது. வெயிலுக்கு நம்மிடமும் குறைவில்லையே!

பெட்ரோலில் பென்சீன் என்ற பொருளும் உண்டு; இரத்தப் புற்றுநோயை உண்டாக்குவது. நம் நாட்டில் அதன் அளவை 1 சதவிகிதத்துக்குள் குறைத்திருப்பது நன்றிக்குரிய காரியம். ஆனாலும் 2025-இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, பெட்ரோலையே புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் வகையில் சேர்த்துவிட்டது. இப்போது 20 சதவிகிதம் எத்தனால் கலந்தும் வருகிறது. அதற்கென்று செய்யப்படாத பழைய ரப்பர் குழாய்கள் சீக்கிரம் கெட்டுப்போகும்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆலய வளாகத்தை நினைத்துப் பாருங்கள். கார்களை எங்கே நிறுத்துகிறோம்? ஓய்வுநாள் பள்ளித் தாழ்வாரத்தை ஒட்டி, வெயிலில். பழைய கார்களில் இன்ஜினை அணைத்தவுடன் அதன் சூட்டிலேயே கார்புரேட்டரிலிருந்து ஆவி கிளம்புகிறது. நாம் உள்ளே ஆராதிக்கிற நேரமெல்லாம், பூட்டிய கார் வெளியே பிள்ளைகள் பக்கம் அதை விட்டுக்கொண்டிருக்கிறது. ஆதாமின் நாசியில் தேவன் ஊதிய சுவாசத்தைக் குறித்து எத்தனையோ பிரசங்கம் செய்த நாங்கள், இதைக் கவனித்ததே இல்லை.

நமது வேனுக்கு வாஷரும் குழாயும் மாற்றி, கேனிஸ்டரும் வைத்தாகிவிட்டது. புது வேனுக்கு ஆகும் செலவோடு பார்த்தால் அது சொற்பம். நெடி போய்விட்டது. அந்தத் தாயார் போன மாதம் அதே வேனில்தான் வந்து போனார்கள்.

பழைய கார்களை ஊழியத்துக்குக் கொடுக்க முன்வரும் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள்: மனவருத்தப்பட வேண்டாம், இனிமேல் பட்டறையில் காட்டிய பிறகே பெற்றுக்கொள்வோம். ஜெபம் முடிந்ததும் தேநீரும் பால்கோவாவும் உண்டு. மெக்கானிக் தம்பி வாசலில் ஒரு டப்பா வாஷரோடு நிற்கிறார். வண்டியில் வந்தவர்கள் மூடியைத் திறந்து காட்டிவிட்டுப் போங்கள்.