சிலம்பேந்திய கையும் மண்ணேந்திய கையும்



ஒப்பிலக்கியத் துறை தமிழகத்தில் வேரூன்றிய நாள் தொட்டு அதனோடு ஒரு களையும் வளர்ந்து வருகின்றது. தமிழ்ப் புலவன் ஒருவனைப் பாராட்ட வேண்டுமெனில், மேலைப் புலவன் ஒருவன் பெயரைக் கடன் வாங்கி அவன் தலைமேல் ஒட்டிவிடுவர். இரவல் ஆடையை உடுத்துவிட்டுப் ‘பார், எத்துணை அழகு!’ என்பது போன்றது இது. மற்றொரு சாரார் கண்ணகியைச் சீதைக்கும் சாவித்திரிக்கும் பக்கத்தில் நிறுத்திக் கற்பரசி எனக் கைகூப்பிவிட்டு அகல்வர். அவள் அரசவையில் வழக்குரைத்து வென்றவள் என்பது இவ்விரு சாராராலும் மறைக்கப்படுகின்றது.

ஒப்பிட வேண்டாம் என்பதன்று. ஒப்பிடுதற்குத் தக்காரோடு ஒப்பிடுக. வேற்றுமையைத் தேடி ஒப்பிடுக.

கிரேக்க நாட்டுச் சோபோக்கிளீசு கி.மு. 441 அளவில் ஆக்கிய நாடகம் ‘அந்திகோனி’. தீபசு நகர மன்னன் ஈடிப்பசின் ஆண்மக்கள் இருவர் அரசுரிமைக்குப் போரிட்டு ஒருவரையொருவர் கொன்று மடிகின்றனர். அடுத்து அரியணையேறிய அவர்தம் தாய்மாமன் கிரியோன், நகரைத் தாக்கிய பொலினீசசின் உடலைப் புதைக்கலாகாது, நாய்க்கும் பறவைக்கும் இரையாகட்டும் என ஆணையிடுகின்றான். தங்கை அந்திகோனி அண்ணன் உடல்மேல் மண் தூவுகின்றாள். காவலர் அம்மண்ணைத் துடைத்தெறிய, மீண்டும் வந்து தூவுங்கால் பிடிபடுகின்றாள். ஆணையை அறிந்தே மீறியதாக அரசன் முகத்துக்கு நேரே ஒப்புகின்றாள். மாந்தன் பிறப்பித்த கட்டளையினும் தெய்வங்களின் எழுதாச் சட்டமே பெரிது என்பது அவள் வழக்கு.

இனி மதுரைக்கு வருவோம். அந்திகோனி அரசன் மருகி; அவன் மகன் ஏமோனுக்கு மனைவியாக உறுதி செய்யப் பெற்றவள். கண்ணகியோ சோழநாட்டுப் புகாரிலிருந்து வந்த வணிகர் குலமகள். பாண்டியன் நாட்டில் அவளுக்கு உற்றாரில்லை. தோள்கொடுத்த இடையர் குடி தவிர வேறு துணையில்லை. இத்தகையாள் வாயிலோனை அழைத்துத் தன் வரவை அறிவிக்கச் சொல்கின்றாள். அவளை உள்ளே விடுக்கும்படி அரசனும் சொல்கின்றான். வழக்கொன்று கொண்டு வந்த அயல்நாட்டு ஏழைப் பெண்ணுக்கு அரண்மனைக் கதவு அந்நொடியே திறந்தது என்பதை விரைந்து கடந்துவிடலாகாது.

கண்ணகி எழுதாச் சட்டம் எதனையும் எடுத்துக் காட்டவில்லை. கள்வனைக் கொல்வது கொடுங்கோல் ஆகாது என்கின்றான் பாண்டியன். அதை அவள் மறுக்கவுமில்லை. அவன் முறையையே ஏற்றுக்கொண்டு, அம்முறைப்படியே அவன் பிழைத்தான் என நிறுவுகின்றாள். தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்கின்றாள். அரசன் என்ன செய்கின்றான்? அவள் கூற்று நன்று என ஏற்று, தன் தேவியின் சிலம்புப் பரல் முத்து என்று தானே உரைத்துவிடுகின்றான். சிலம்பு உடைபடுவதற்கு முன்னரே உரைத்துவிடுகின்றான்! வாய் திறவாதிருந்தால் அவன் தப்பியிருக்கலாம். தனக்கெதிரான சான்றைத் தன் வாயாலேயே வழங்கி, கோவலனிடமிருந்து கைப்பற்றிய சிலம்பையும் கொணர்வித்து முன்வைத்தவன் நெடுஞ்செழியன். உடைத்தாள், மணி அவன் முகத்தருகே தெறித்தது. பொற்கொல்லன் மேல் பழியைத் தள்ளாமல் தன்னையே கள்வன் எனத் தீர்ப்பளித்து அரியணையிலிருந்து வீழ்ந்தான்.

கிரியோனும் திருந்துகின்றான், ஆனால் எப்போது? நகரமக்கள் அப்பெண்ணின் பக்கம் நிற்பதை மகன் எடுத்துரைத்தும் கேளான். கண்ணிழந்த குறியாளன் எச்சரித்த பின்னரே நடுங்குகின்றான். முதலில் பெண்ணை விடுவிக்கச் சொல்லியும், பிணத்தைப் புதைத்துவிட்டே குகைக்குச் செல்கின்றான். அங்கே அவள் தூக்கிட்டு மாண்டிருக்கின்றாள். ஏமோனும் தன்னைக் குத்திக்கொண்டு மடிகின்றான். செய்தி கேட்ட அரசி யூரிடிசி கணவனைத் தூற்றியவாறே உயிர் விடுகின்றாள். கோப்பெருந்தேவியோ கணவன் அடிதொழுது அவனோடு மாய்கின்றாள். ஒருத்தி கணவன் குற்றத்தினின்று விலகி மாண்டாள். மற்றொருத்தி கணவன் தீர்ப்பில் பங்கேற்று மாண்டாள். கிரியோன் மட்டும் உயிரோடு எஞ்சுகின்றான்.

கிரியோனின் குற்றம் செருக்கு. பாண்டியனின் குற்றம் ஒரு நொடிச் சோர்வு. ஆடல் மகளிரை அரசன் நோக்கியதில் ஊடிய தேவி, தலைநோவு எனச் சொல்லி எழுந்து போகின்றாள். அவளைத் தணிவிக்க விரைந்த வழியில் பொற்கொல்லன் குறுக்கிட, கோவலனை அழைத்து உசாவாமலே ஒரு சொல் சொல்லிச் செல்கின்றான். அந்த ஒரு சொல்லுக்கு உயிரைத் தந்தாலன்றி முறை நிறைவுறாது என்பது தமிழ் அரசியல். கிரேக்கன் அரசனைத் தெய்வத்தின் சட்டத்தால் அளந்தான். தமிழன் அரசனை அவன் செங்கோலாலேயே அளந்தான்.

1968-இல் உலகத் தமிழ் மாநாட்டையொட்டிச் சென்னைக் கடற்கரையில் நிறுவப் பெற்ற கண்ணகி சிலையின் கையில் இருப்பதும் அணிகலன் அன்று, வழக்கின் சான்று. 2001 இறுதியில் அச்சிலை அகற்றப்பட்டபோது தமிழ்நெஞ்சங்கள் கொதித்ததும், 2006 சூன் 3-இல் அது மீண்டும் நிறுத்தப் பெற்றதும் நாடறிந்தவை.

இரு நூல்களும் பின்புலத்தில் ஊழை வைத்துள்ளன. அங்கே ஈடிப்பசு குடியின் பழி. இங்கே மதுரைத் தெய்வம் உரைக்கும் முற்பிறப்புக் கதை. உள்ளதை உள்ளவாறு சொன்னால், அம்முற்பிறப்புக் கதை வழக்கின் எடைக்கு முன் மிக மெலிந்தது. ஆயினும் பாண்டியன் ஊழின் பின்னே ஒளியவில்லை என்பதே அவன் பெருமை.

சிலம்பில் தமிழர் விரும்பாத ஒரு செய்தியும் உண்டு. மறைக்காமல் சொல்ல வேண்டும். நெடுஞ்செழியனுக்குப் பின் கொற்கையிலிருந்து ஆண்ட வெற்றிவேற் செழியன், கண்ணகிக்கு ஒரே நாளில் பொற்கொல்லர் ஆயிரவரைக் காவு கொடுத்தான் என்கின்றது நூல். ஒரு பொற்கொல்லன் பிழையையும் தன் பிழையாகவே ஏற்று மாண்டவன் முன்னவன்; ஒருவன் பிழைக்கு அவன் தொழிலினர் ஆயிரவரைக் கொன்றவன் பின்னவன். அவர்களுள் ஒருவனுக்கேனும் வழக்குரைக்க அரண்மனை வாயில் திறந்ததாக இளங்கோவடிகள் பாடவில்லை.