சாவி கொடுப்பதற்கு முன்

லாரி ஓட்டத் தெரிந்தவனுக்கு இனி என்ன பாடம் என்று உங்களுள் சிலர் கேட்கலாம். உரிமம் கையில் இருக்கிறது. கியர் மாற்றத் தெரிகிறது. போகும் வழியும் தெரிகிறது. பிறகு கம்பெனியார் அவனை நான்கு நாள் உட்கார வைத்து எதைக் கற்பிக்கப் போகிறார்கள்? 1991ஆம் ஆண்டு, இருபத்து மூன்று வயதில் நாமக்கல்லில் வேலைக்குச் சேர்ந்தபோது நானும் இப்படித்தான் எண்ணினேன். என்னைச் சேர்த்துக்கொண்ட முதலாளியும் அவ்வாறே எண்ணினார். காலையில் சாவியைக் கொடுத்தார். மாலையில் முட்டைப் பாரத்துடன் கேரளத்துக்குப் புறப்பட்டுவிட்டேன்.

அந்த வேலை எப்படி முடிந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மூன்றாம் நடையின்போது, இரண்டு இரவு உறங்காத கண்களோடு கோயம்புத்தூரைத் தாண்டிக்கொண்டிருந்தேன். விடியற்காலை. ஒரு கணம் இமை மூடியது. லாரி சாலையோரப் புளியமரத்தில் மோதி நின்றது. முட்டைகள் போயின, அவை போகட்டும். பக்கத்தில் அமர்ந்திருந்த கிளீனர்ப் பையனுக்குக் கால் முறிந்தது. அவன் அதன்பின் லாரியில் ஏறவே இல்லை. 'தூக்கம் வருகிறது, வண்டியை நிறுத்துகிறேன்' என்று சொல்ல ஓர் ஓட்டுநருக்கு உரிமை உண்டு என்பதே அன்று எனக்குத் தெரியாது. எவரும் சொல்லித் தரவில்லை.

இப்பொழுது நான் லாரி ஓட்டுவதில்லை. எரிவாயு டேங்கர் லாரிகளை நடத்தும் ஒரு கம்பெனியில், புதிதாகச் சேரும் ஓட்டுநர்களுக்குப் பாடம் சொல்கிறேன். நாமக்கல் வட்டாரத்தில் இத்தகைய லாரிகள் மிகுதி என்பதை நீங்கள் அறிவீர்கள்.

முதல் நாளின் முற்பகல் காகிதங்களில் கழியும். உரிமத்தைப் பார்ப்பார்கள்; கண்ணையும் இரத்த அழுத்தத்தையும் சோதிப்பார்கள்; நிறங்களைப் பிரித்தறியத் தெரிகிறதா என்று பார்ப்பார்கள். அபாயகரமான சரக்கை ஏற்றும் வண்டியை ஓட்டுகிறவர் தனியே மூன்று நாள் பயிற்சி பெற்றுத் தேறியிருக்க வேண்டும் என்பது 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் உள்ளது. அந்தச் சான்றிதழும் வேண்டும். அவர்கள் நடத்தும் மூன்று நாள் வேறு, நாங்கள் நடத்தும் நான்கு நாள் வேறு.

பிற்பகலில்தான் என் பாடம் தொடங்கும். நீங்கள் வேதியியல் படிக்கிறவர்கள். உங்களுக்கு இது எளிதாக இருக்கும். சமையல் எரிவாயு என்பது பெரும்பாலும் புரோப்பேனும் பியூட்டேனும் கலந்த கலவை. அதற்கு இயல்பில் மணமில்லை. நம் மூக்குக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகவே எத்தில் மெர்காப்டன் என்னும் நாற்றப்பொருளைச் சிறிதளவு சேர்க்கிறார்கள். அழுத்தத்தால் திரவமாகித் தொட்டிக்குள் அடங்கியிருக்கும் அது வெளியே வந்தால் ஏறத்தாழ 250 மடங்கு விரியும். காற்றைவிடக் கனமானது, ஆதலால் மேலே போகாது. தரையோடு தவழ்ந்து, சாக்கடையையும் பள்ளத்தையும் தேடிப் போய்த் தேங்கும். வெயிலில் திரவம் பெருக்க இடம் வேண்டும் என்பதால் தொட்டியை நிரம்ப நிரப்புவதில்லை; 85 விழுக்காட்டோடு நிறுத்திவிடுகிறார்கள். அந்தக் காலி இடம் இருப்பதால், வளைவில் வேகமாகத் திரும்பினால் உள்ளே திரவம் ஒருபுறமாகச் சாய்ந்து வண்டியையே கவிழ்க்கப் பார்க்கும். முட்டை லாரி ஓட்டிப் பழகிய கைக்கு இது புதுப்பாடம்.

2012 ஆகஸ்டு 27ஆம் நாள் இரவு, கேரளத்தில் கண்ணூருக்கு அருகே சாலா என்னுமிடத்தில் ஓர் எரிவாயு டேங்கர் லாரி சாலையின் நடுத்தடுப்பில் மோதிக் கவிழ்ந்தது. கசிந்த வாயு தீப்பற்றியது. 20 பேர் உயிரிழந்தனர். இதைச் சொல்லும்போது வகுப்பில் கைப்பேசியைத் தடவிக்கொண்டிருந்தவர்களும் நிமிர்ந்து உட்காருவார்கள்.

இரண்டாம் நாள் முழுவதும் வண்டியைச் சுற்றி நடப்பதே வேலை. இதைத்தான் இளைஞர்கள் வெறுக்கிறார்கள். இரும்புக் கம்பியால் ஒவ்வொரு டயரையும் தட்டிப் பார்க்க வேண்டும். காற்றுக் குறைந்த டயரின் ஓசை மந்தமாக இருக்கும். இரட்டைச் சக்கரத்தில் உள்டயர் காற்றிழந்து கிடப்பது கண்ணுக்குத் தெரியாது, காதுக்குத் தெரியும். சக்கரத்து நட்டைச் சுற்றித் துருக்கோடு தெரிந்தால் நட்டு தளர்ந்திருக்கலாம். ஏர் பிரேக்குக்குக் காற்று ஏறியபின் எஞ்சினை நிறுத்திவிட்டு அமைதியாக நிற்கச் சொல்வேன். எங்கேனும் சீறும் ஓசை கேட்கிறதா? காற்றுத் தொட்டியின் அடியில் சேரும் நீரை வடித்தாயிற்றா? நான்கு முறை சுற்றியபின் ஐந்தாம் முறையும் சுற்றச் சொல்வேன். அந்த ஐந்தாம் சுற்றுக்கு முன், அவர்கள் தேநீர் குடிக்கப் போகும் நேரத்தில், நானே ஒரு விளக்கின் இணைப்பைக் கழற்றி வைத்திருப்பேன். இதற்காக என்னைத் திட்டாத மாணவன் இல்லை.

மூன்றாம் நாள் எரிவாயு நிரப்பும் நிலையத்துக்கு அழைத்துச் செல்வோம். கைப்பேசி, தீப்பெட்டி யாவும் வாயிலிலேயே தங்கிவிடும். புகைக்குழாயில் தீப்பொறி தடுக்கும் கருவி இல்லாமல் வண்டி உள்ளே போகக் கூடாது. சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, நிலத்தோடு இணைக்கும் கம்பியை மாட்டிய பிறகே குழாயைப் பொருத்த வேண்டும். தேங்கிய மின்சாரத்தின் ஒரு சிறு பொறி போதும் எல்லாவற்றையும் முடிக்க. கசிவு நேர்ந்தால் முதலில் காற்று எத்திசையிலிருந்து வீசுகிறது என்று பார்க்க வேண்டும். எஞ்சினை மீண்டும் கிளப்பவே கூடாது. காற்று வரும் பக்கமாக மக்களை விலக்க வேண்டும். தொட்டியின் மேல் எழுதியுள்ள 1075 என்னும் எண் எதற்கு என்றும் அன்றுதான் தெரிந்துகொள்வார்கள். உள்ளே இருப்பது இந்த எரிவாயுதான் என்று தீயணைப்பு வீரருக்கு உலகெங்கும் அறிவிக்கும் எண் அது.

நான்காம் நாள் ஓய்வைப் பற்றிப் பேசுகிறேன். 1961ஆம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், ஒரு நாளைக்கு எட்டு மணி வேலை, ஐந்து மணிக்குள் அரைமணி ஓய்வு என்று வகுத்தது. நான் முட்டை ஏற்றிய காலத்தில் அந்தச் சட்டத்துக்கு முப்பது வயது. சாலையில் அதைக் கண்டவர் யாரும் எனக்குத் தெரியாது.

சென்ற முறை இராசிபுரம் பக்கத்து இளைஞன் ஒருவன் எழுந்து, "ஏனுங்கண்ணா, தூக்கம் வருதுன்னு நிறுத்துனா, ஆபீசிலே போன் பண்ணி எடுடாங்கறாங்க. அப்போ என்ன பண்றதுங்க?" என்றான். இந்தக் கேள்விக்கு விடை எந்தப் பாட அட்டையிலும் அச்சிடப்படவில்லை. நான் கிளீனர்ப் பையனின் காலைப் பற்றிச் சொன்னேன். பிறகு, "எடுக்க மாட்டேன் என்று சொல். என் பெயரையும் சொல்" என்றேன். சொல்லிவிட்டேனே தவிர, என் பெயருக்கு ஆபீசில் எவ்வளவு மதிப்பு என்று எனக்கே ஐயம்தான்.

மூன்று வாரம் கழித்து ஒரு காலைப்பொழுதில், புறப்பட நின்ற வண்டியின் உள்டயர் ஒன்றைக் கம்பியால் தட்டிக் காட்டி, அதே இளைஞன் வண்டியை எடுக்க மறுத்து நின்றான். மேலாளர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். நானும் தட்டிப் பார்த்தேன். ஓசை மந்தமாகத்தான் இருந்தது. டயர் மாற்ற இரண்டு மணி நேரம் ஆயிற்று. அதுவரை மேலாளர் எங்கள் இருவரிடமும் பேசவில்லை. இளைஞன் அவருக்கும் சேர்த்துத் தேநீர் வாங்கி வந்தான். அவர் அதைக் குடித்தார்.