தட்டைப் பற்றிக் கேட்கத் தயங்க வேண்டாம்



உண்ணல் கோளாறு உள்ளவர்கள் அந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டு யாரிடமும் வருவதில்லை. மாதவிலக்கு நாலு மாதமாக வரவில்லை என்று மகப்பேறு மருத்துவரிடம் போவார்கள். வயிறு உப்புசம் என்று பொது மருத்துவரிடம் போவார்கள். பல் கூசுகிறது என்று பல் மருத்துவரிடம் போவார்கள். மனநல ஆலோசகர் முன்னால் வந்து உட்காரும்போதுகூட, தூக்கம் இல்லை, படிப்பில் மனம் ஒட்டவில்லை என்றுதான் பேச்சு தொடங்கும். ஆலோசகர் வீட்டைப் பற்றி விசாரிப்பார், தேர்வைப் பற்றி விசாரிப்பார். நேற்று காலையிலிருந்து இரவு வரை என்ன சாப்பிட்டாய் என்று கேட்காமலே ஒரு மணி நேரம் ஓடிவிடும். இந்தத் தயக்கத்தைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன். பட்டினி கிடந்து உடம்பை உருக்கும் அனோரெக்சியா நெர்வோசா, மனநோய்களிலேயே அதிக உயிர்களைக் கொண்டுபோகும் நோய்களில் ஒன்று. அந்த மரணங்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று தற்கொலை. அதனால் இங்கே தயக்கத்துக்கு விலை அதிகம்.

கேட்பது கடினமல்ல. 1999-இல் லண்டன் ஆய்வாளர்கள் ஐந்தே கேள்விகளைத் தொகுத்துக் கொடுத்தார்கள். வயிறு முட்டிவிட்டது என்று நீங்களாகவே வாந்தி எடுக்கிறீர்களா? சாப்பிடும் அளவு கைமீறிப் போகிறதோ என்று கவலைப்படுகிறீர்களா? மூன்று மாதத்தில் ஆறு கிலோவுக்கு மேல் இளைத்தீர்களா? மற்றவர்கள் ஒல்லி என்றாலும் உங்களுக்கு நீங்கள் குண்டாகத் தெரிகிறீர்களா? சாப்பாட்டு நினைப்பே வாழ்க்கையை ஆட்டிவைக்கிறதா? இரண்டுக்கு ‘ஆமாம்’ வந்தால் தீர விசாரிக்க வேண்டும். இவ்வளவுதான்.

காது கேட்பதோடு கண்ணும் பார்க்க வேண்டும். அடிக்கடி விரலை விட்டு வாந்தி எடுப்பவர்களுக்கு, மேல்பல் உரசி உரசி விரல் முட்டிகளில் காய்ப்பு விழுந்திருக்கும். அளவு மீறித் தின்றுவிட்டு வாந்தி எடுக்கும் புலிமியா நெர்வோசாவை 1979-இல் முதன்முதலாக விவரித்த ஜெரால்டு ரஸ்ஸல் பெயரால் மருத்துவர்கள் அதைக் குறிப்பிடுகிறார்கள். காதுக்குக் கீழே தாடையோரம் வீங்கியிருக்கும். முன்பல்லின் உட்பக்கம் எனாமல் கரைந்திருக்கும். எடையோ பெரும்பாலும் சராசரியாகவே இருக்கும். எலும்பும் தோலுமாக வருபவர்களை மட்டும் தேடும் ஆலோசகர் இவர்களைத் தவறவிட்டுவிடுவார். ஆண்பிள்ளைகளையும் அப்படித்தான் தவறவிடுகிறோம்.

இன்னொரு தடங்கலும் உண்டு. அனோரெக்சியா என்றால் ‘குண்டாகிவிடுவேன்’ என்ற பயம் இருக்க வேண்டும் என்று மேல்நாட்டுப் பாடநூல்கள் சொல்லிவந்தன. ஹாங்காங்கில் சிங் லீ என்ற மனநல மருத்துவர் 70 நோயாளிகளை ஆராய்ந்து 1993-இல் எழுதினார். அவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களிடம் அந்தப் பயமே இல்லை. வயிறு உப்புகிறது, பசிக்கவில்லை, சாப்பிடப் பிடிக்கவில்லை என்றார்கள். விரதமும் அஜீரணமும் அன்றாடப் பேச்சாக இருக்கும் நம் ஊர் ஆலோசகர்கள் இதை அவசியம் மனத்தில் கொள்ள வேண்டும்.

சரி, கண்டுபிடித்தாயிற்று. அடுத்து என்ன? சிறுவயதில் என்ன நடந்தது, அம்மாவோடு என்ன மனத்தாங்கல் என்று தோண்டத் தோன்றும். முதல் வேலை அதுவல்ல. அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் 1944-45-இல் ஆன்சல் கீஸ் ஒரு சோதனை நடத்தினார். மனச்சாட்சிப்படி போருக்குப் போக மறுத்த, ஆரோக்கியமான 36 இளைஞர்கள் தாமாக முன்வந்தார்கள். ஆறு மாதம் பாதிச் சாப்பாடு. உடல் எடையில் ஏறக்குறைய கால் பங்கு கரைந்தது. அவர்கள் சமையல் புத்தகங்களைச் சேர்க்கத் தொடங்கினார்கள். தட்டை நக்கினார்கள். சிடுசிடுத்தார்கள், யாரோடும் ஒட்டாமல் ஒதுங்கினார்கள். எந்த மனக்கோளாறும் இல்லாதவர்களைப் பட்டினி ஒன்றே இப்படி ஆக்கியது. வாடிய மூளையோடு எத்தனை ஆழமாகப் பேசினாலும் ஏறாது. சோறு உள்ளே போன பிறகுதான் பேச்சும் உள்ளே போகும்.

ஆக்ஸ்ஃபோர்டில் கிறிஸ்டோபர் ஃபேர்பர்ன் உருவாக்கிய சிகிச்சை முறை இந்த வழியில்தான் நடக்கிறது. எடை மிகவும் குறையாதவர்களுக்கு 20 வாரம், 20 அமர்வு. சாப்பிட்டதை அப்போதைக்கப்போது எழுதிவைப்பது, ஒரு நாளுக்கு மூன்று வேளைச் சாப்பாடும் இரண்டு சிற்றுண்டியும் நேரம் தவறாமல் எடுத்துக்கொள்வது, வாரம் ஒருமுறை ஆலோசகர் அறையிலேயே எடை பார்ப்பது. இந்த எடைக் கருவியை வெளியே எடுக்கத்தான் பல ஆலோசகர்களுக்குக் கை வருவதில்லை. அந்தப் பெண் அழுவாளே, அடுத்த வாரம் வராமல் போய்விடுவாளே என்று தள்ளிப்போடுகிறார்கள். முறை தெரிந்தும் சிகிச்சையாளர்கள் இப்படி மெல்ல விலகிப்போவதைப் பற்றி கிளென் வாலர் என்ற பிரிட்டிஷ் உளவியலாளர் 2009-இல் எழுதினார். நோயாளியின் பதற்றத்தைத் தணிப்பதாக எண்ணிக்கொண்டு, தம் பதற்றத்தைத்தான் தணித்துக்கொள்கிறார்கள். நல்லெண்ணத்தால் வருவது என்றாலும், இதில் நான் இரக்கம் காட்டமாட்டேன்.

வளரிளம் பிள்ளைகள் என்றால் லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில் உருவான குடும்ப வழி சிகிச்சை கைகொடுக்கும். அதில் இரண்டாவது அமர்வுக்குக் குடும்பமே சாப்பாடு கட்டிக்கொண்டு வர வேண்டும். ஆலோசகர் அறையில் டிபன் பாக்ஸ் திறக்கிறது. மகள் அரை இட்லியோடு தட்டைத் தள்ளுகிறாள். அப்பா கெஞ்சுகிறார், பிறகு கத்துகிறார். ஆலோசகர் அவரை மகள் பக்கத்தில் நெருங்கி உட்காரச் சொல்கிறார். “இன்னொரு வாய் சாப்பிடும்மா, நாங்க இங்கேயே இருக்கோம்.” அம்மாவும் அதையே, அதே குரலில் சொல்ல வேண்டும். அவள் நினைத்ததைவிட ஒரு வாய் கூடுதலாக உண்டால் போதும், அன்றைய வேலை முடிந்தது. பெற்றோரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தாத முறை இது. அதனாலேயே எனக்கு இதன்மேல் பெரும் மதிப்பு.

ஆலோசகர் தனியாகச் செய்யக்கூடாத பகுதியும் இருக்கிறது. தொடர் வாந்தியால் பொட்டாசியம் குறைந்தால் இதயத் துடிப்பு தாறுமாறாகலாம். வெகுநாள் பட்டினி கிடந்தவருக்கு ஒரேயடியாகச் சாப்பாட்டைக் கூட்டினால் ரத்தத்தில் பாஸ்பேட் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். நாடித்துடிப்பு, ஈ.சி.ஜி., ரத்தப் பரிசோதனை எல்லாம் மருத்துவர் கையில் இருக்க வேண்டும். மயக்கம் போட்டு விழுந்தாலோ, நெஞ்சு படபடத்தாலோ அடுத்த அமர்வுக்குக் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

வீட்டில் யாரைப் பற்றியாவது சந்தேகம் இருந்தால், மத்திய அரசின் டெலி-மானஸ் மனநல உதவி எண் 14416. இலவசம், எந்நேரமும் அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். ஆலோசகரைப் பார்க்கப் போகும்போது மூன்று விஷயங்களைக் கூச்சப்படாமல் கேளுங்கள்: எடை பார்ப்பீர்களா, மருத்துவரோடு கலந்து பேசுவீர்களா, வீட்டில் நாங்கள் சாப்பாட்டு நேரத்தில் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லித்தருவீர்களா?