குழி இருக்குன்னு முதல்லயே காட்டிடுங்க

ஓசூர்ல இருந்து பேசுறேன். நடுவுல லாரி சத்தம் கேட்டா பொறுத்துக்கோங்க, சிப்காட் ரோட்டை ஒட்டின வீடு. இன்னைக்குப் பொறி பத்தி, அதாவது ட்ராப். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் மாதிரி ஆட்டத்துல கேம் மாஸ்டரா உட்கார்றவங்க ஒரு தடவையாவது சொதப்புற இடம் இது. நான் சொதப்பினதுல இருந்தே ஆரம்பிக்கிறேன்.

எங்க மேசைக்கு ஞாயிற்றுக்கிழமை அஞ்சு பேர் வருவாங்க, ஷிஃப்ட் மாறினா நாலு. தமிழ், கன்னடம், தெலுங்கு மூணும் கலந்து ஓடும். ஒரு தடவை புதுசா ஒரு பையன் வந்தான், அப்ரண்டிஸ். தன் கேரக்டருக்கு ஊர், அம்மா, அடைக்க வேண்டிய கடன்னு ரெண்டு பக்கம் எழுதிட்டு வந்தான். முதல் நாள், முதல் கதவு. "திறக்கிறேன்"ன்னான். பூட்டுல விஷ ஊசி. 20 பக்கப் பகடையை உருட்டச் சொன்னேன், 4 விழுந்தது. கேரக்டர் செத்துப்போச்சு. எல்லாரும் சிரிச்சோம், அவனும் சிரிச்சான். அடுத்த வாரம் வரலை. அதுக்கப்புறமும் வரலை.

யோசிச்சுப் பார்த்தா அவன் தப்பே பண்ணலை. கதவைத் திறந்தான், அவ்வளவுதான். மீதிப் பேர் அதுல இருந்து கத்துக்கிட்டது இன்னும் மோசம். அடுத்த ஆட்டத்துல ஒவ்வொரு கல்லுக்கும் "பொறி இருக்கான்னு பாக்குறேன்"ன்னாங்க. ஒரு நடைபாதையைக் கடக்க ஒண்ணரை மணி நேரம் ஆச்சு.

இது பழைய தகராறுதான். 1974-ல வந்த முதல் விதிப் புத்தகத்துல திருடன்னு ஒரு வகுப்பே கிடையாது. பொறி இருக்கிற இடத்தைத் தாண்டினா 6 பக்கப் பகடையில 1 அல்லது 2 விழுந்தா மாட்டிக்கிட்டோம். அதுக்கு முன்னாடி தப்பிக்கணும்னா வாயால சொல்லணும்: நீளக் கம்பால தட்டுறேன், தண்ணி ஊத்திப் பாக்குறேன்னு. 1975-ல வந்த கிரேஹாக் இணைப்புல திருடன் வந்தான், பொறியை எடுக்க ஒரு சதவீதமும் வந்தது. வசதிதான். ஆனா பேச்சு போய் எண் வந்துடுச்சு.

அதே 1975-ல கேரி கைகாக்ஸ் 'டூம் ஆஃப் ஹாரர்ஸ்'ங்கிற ஆட்டத்தை ஒரிஜின்ஸ் மாநாட்டுல நடத்தினார்; 1978-ல அச்சுல வந்தது. ஆளைக் கொல்றதுல பேர் வாங்கினது. அதுல பாதிப் பொறியை நான் என் மேசைக்குக் கொண்டு வர மாட்டேன். ஆனா ஒண்ணு பிடிக்கும்: வாயைப் பிளந்துக்கிட்டு இருக்கிற பச்சைப் பேய் முகம். உள்ளே போனா ஆளே இல்லை. ஆனா அது ஒளிஞ்சு இல்லையே! சுவத்துல பெரிசாத் தெரியுது, பார்த்துட்டேதான் உள்ளே போறாங்க. நம்ம சிலப்பதிகாரத்துல வர்ற மதுரைக் கோட்டைப் பொறிகளும் அப்படித்தான். தானே வளைஞ்சு அம்பு விடுற வில், கரிய விரல் குரங்குப் பொறி, கல் வீசுற கவண், எல்லாமே மதில் மேல இருக்கு.

பிரஸ் ஷாப்ல வேலை பார்த்தவங்களுக்கு இது சுலபமாப் புரியும். அங்க எந்த ஆபத்தும் மறைஞ்சு இல்லை. மஞ்சள் கறுப்புப் பட்டை, போர்டு, ரெண்டு கையாலயும் பட்டனை அமுக்கினாத்தான் இறங்குற மெஷின். இருந்தும் விரல் போகுது. ஏன்? டார்கெட். ஷிஃப்ட் முடிய பத்து நிமிஷம். சென்சாரை யாரோ பைபாஸ் பண்ணி வச்சிருக்காங்க. ஆபத்து என்னன்னு தெரிஞ்சவனைத்தான் அவசரம் மாட்டி விடுது.

அதனால இப்போ நான் பொறியை மறைக்கிறதில்லை. பூட்டைச் சுத்திப் பச்சைக் கறை, கதவோரம் செத்த எலின்னு முதல்லயே சொல்லிடுவேன். கூடவே பின்னாடி துரத்துறவங்க காலடிச் சத்தத்தையும் சொல்லுவேன். இனி முடிவு அவங்களோடது. எப்படிச் சமாளிக்கிறோம்னு நல்லா விவரிச்சா பகடையே கேட்க மாட்டேன். பாதி சரின்னாத்தான் உருட்டல்.

போன மாசம் ஒரு குழி வச்சேன். பழைய காலத்துல யானை பிடிக்க வெட்டுவாங்களே, மேல மூங்கில், கிளை, தழை போட்டு மூடின குழி. ராகிக் கொல்லைக்குப் போற பாதையில. "யானைத் தடம் நேரா வந்து, இங்க மட்டும் வளைஞ்சு போகுது"ன்னு மட்டும் சொன்னேன். பின்னாடி தீப்பந்தத்தோட ஆட்கள். தளி பக்கத்துல வளர்ந்த ஒருத்தர் எங்க மேசையில இருக்கார், உடனே நிமிர்ந்தார். "யானை தும்பிக்கையால தட்டிப் பார்த்துட்டுத்தான் கால் வைக்கும்ப்பா, அது சுத்திப் போனா நாமும் சுத்தணும்"ன்னார். இன்னொருத்தர், "சுத்த வேண்டாம், தடத்தை அழிச்சுட்டு அவங்களை நேரா வர விடுவோம்"ன்னார். அரை மணி நேரம் சண்டை. துரத்துறவங்கள்ல ஒருத்தன் அந்த ஊர்ப் பையன், அவனைக் குழியில தள்ளலாமாங்கிறதுதான் சண்டையே. பகடை மேசையிலயே கிடந்தது, யாரும் தொடலை.

அந்த அப்ரண்டிஸோட ரெண்டு பக்கம் இன்னும் என் ஃபைல்ல இருக்கு. போன வாரம் மெசேஜ் போட்டிருக்கேன். கேரக்டர் சாகலை, மயக்கமாத்தான் கிடக்குன்னு.

அடுத்த எபிசோட்ல கிருஷ்ணகிரி மலைக்கோட்டையை மேப்பா வரையுறது. வர்றேன்.