தோன்றா எழுவாய்: எட்ஜ்பீல்டு மாவட்டத்தின் மரண விசாரணை ஏடுகள்



இலக்கண வகுப்பில் நாம் தோன்றா எழுவாயைக் கற்பிக்கிறோம். ‘நேற்று வந்தான்’ என்று ஒரு தொடர் வந்தால், வந்தவன் யார் என்பது முன்னும் பின்னும் உள்ள பேச்சால் விளங்கிவிடும். எனவே எழுவாயை வெளிப்படையாகச் சொல்ல வேண்டிய தேவை எழுவதில்லை. ஆனால், எல்லாருக்கும் தெரிந்த எழுவாயை ஓர் ஊரே கூடி மறைத்து எழுதினால் அதற்கு என்ன பெயர் வைப்பது? இவ்வினாவை முன்வைத்துப் பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்கத் தென்மாநிலம் ஒன்றின் நாட்டுப்புற மாவட்டத்துக்குச் சென்று வருவோம். தென்கரோலைனா மாநிலத்தின் மேற்கெல்லையில், சவானா ஆற்றையொட்டிக் கிடந்த எட்ஜ்பீல்டு மாவட்டமே அது.

முதலில் மரண விசாரணையின் வரலாற்றைச் சுருக்கமாகக் காண்போம். இங்கிலாந்தில் முதலாம் ரிச்சர்டு மன்னரின் ஆட்சியில், 1194ஆம் ஆண்டில் இப்பதவி முறையாக நிறுவப்பட்டது. முடியரசின் வழக்குகளைக் காப்பவர் என்னும் பொருளில்தான் ‘கொரோனர்’ என்னும் சொல் பிறந்தது. அந்நாளில் இறந்தவர்மீது இருந்த அக்கறையைவிட அரசுக் கருவூலத்தின்மீது இருந்த அக்கறையே பெரிது. ஓர் உயிர் போகக் காரணமான வண்டியோ விலங்கோ அதன் மதிப்போ மன்னருக்குச் சேரவேண்டும் என்ற சட்டம் 1846 வரை அங்கு நடப்பில் இருந்தது. வரி தண்டப் பிறந்த இப்பதவி, காலப்போக்கில் ‘இம்மனிதர் எப்படி இறந்தார்?’ என்று பொதுமக்கள் சார்பில் கேட்கும் பதவியாக வளர்ந்தது. ஆங்கிலச் சட்டம் சென்ற இடமெல்லாம் அதுவும் சென்றது. அமெரிக்கக் குடியேற்றங்களுக்குச் சென்றதுபோலவே, நம் நீரிணைக் குடியேற்றங்களுக்கும் அது வந்தது. இன்று நம் நாளிதழ்களில் நாம் படிக்கும் ‘மரண விசாரணை’ அவ்வேரிலிருந்து கிளைத்ததுதான்.

எட்ஜ்பீல்டு பருத்தி விளைந்த மண். 1860ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அங்கு வாழ்ந்தோர் ஏறத்தாழ 40,000 பேர்; அவர்களுள் ஐந்தில் மூவர் அடிமைகள். வன்முறைக்குப் பெயர்போன இடம் என்னும் பழி அந்நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அதன்மேல் விழுந்துவிட்டது. 1856 மே 22ஆம் நாள், அடிமைமுறையைக் கண்டித்துப் பேசிய சார்லஸ் சம்னர் என்னும் செனட்டரை, நாடாளுமன்றக் கட்டடத்துக்குள்ளேயே கைத்தடியால் அடித்து வீழ்த்திய பிரெஸ்டன் புரூக்ஸ், இம்மாவட்டத்தில் பிறந்தவர். நீதிமன்றம் அவருக்கு 300 டாலர் தண்டம் விதித்தது. அவருடைய தொகுதி மக்களோ அவரையே மீண்டும் தேர்ந்தெடுத்து அனுப்பினர். மானத்தின் பெயரால் கை ஓங்குவது குற்றமாகாது, பெருமையே என்று கருதிய சமுதாயம் அது.

இத்தகைய ஊரில் ஒருவர் இயற்கைக்கு மாறாக இறந்தால் என்ன நடந்தது? விசாரணை அதிகாரி அக்கம்பக்கத்து ஆண்களை அழைத்து உறுதிமொழி வாங்குவார். பருத்திக் காட்டிலோ ஆற்றங்கரையிலோ, உடல் கிடந்த இடத்திலேயே பெரும்பாலும் விசாரணை நடைபெறும். உடலைக் கண்ணால் காணாமல் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்பது விதி. மருத்துவர் ஒருவர் காயங்களைப் பார்த்துச் சொல்வார். கண்டவரும் கேட்டவரும் சாட்சி சொல்வர். எழுதத் தெரியாதவர் கீறல் குறி இடுவர். இறுதியில் இறந்தவர் பெயர், இடம், இறந்த விதம் ஆகியவற்றைக் குறித்து எல்லாரும் ஒப்பமிடுவர். தென்கரோலைனாவின் சில மாவட்டங்களில் எஞ்சிய இத்தகைய ஏடுகளை வரலாற்றாசிரியர் ஸ்டீபன் பெர்ரி தொகுத்து ஆராய்ந்துள்ளார். குடிபோதையில் எழுந்த சண்டை, நீரில் மூழ்குதல், அடுப்பங்கரைத் தீ ஆடையில் பற்றிக் குழந்தை இறத்தல், தற்கொலை, சிசுக்கொலை எனப் பலவகைச் சாவுகளை அவற்றில் காண்கிறோம். வரலாற்றில் வேறெங்கும் பெயர் பதியாத எளிய மக்கள், செத்த பின்னர் ஒரே ஒரு நாள் ஏட்டில் ஏறுகின்றனர்.

அடிமைகளின் சாவுகளும் இவ்வேடுகளில் உள்ளன. சட்டம் அவர்களை உடைமை என்றது. ஆயினும் உடைமை இறந்ததற்கு மரண விசாரணை நடத்துவதில்லை. மனிதர் இறந்தால்தான் நடத்துவர். இம்முரண்பாட்டை அதிகாரியின் வருகையே ஒப்புக்கொண்டது. ஆனால், அந்த ஒப்புதல் நீதியாக மாறவில்லை. 1740ஆம் ஆண்டுச் சட்டப்படி, அடிமையை வேண்டுமென்றே கொன்ற வெள்ளையருக்குத் தண்டனை 700 பவுண்டு தண்டம். திடீர்ச் சினத்தாலோ அளவு மீறிய தண்டனையாலோ கொன்றால் 350 பவுண்டு. கொலையைக் கண்ட வெள்ளையர் எவரும் இல்லையெனில், குற்றஞ்சாட்டப்பட்டவர் தம் உறுதிமொழியாலேயே தம்மை விடுவித்துக்கொள்ளலாம். வேண்டுமென்றே செய்த கொலைக்கு மரண தண்டனை 1821இல்தான் வந்தது. அதன்பின்னரும் வெள்ளையருக்கு எதிராக அடிமை சாட்சி சொல்லச் சட்டம் இடம் தரவில்லை. நேரில் கண்டவர் வாய் திறக்கக் கூடாது. வாய் திறக்கக்கூடியவர் பார்க்கவில்லை. இந்நிலையில் எழுவாய் எங்கிருந்து தோன்றும்?

வேறு சில சாவுகளில் எழுவாய் தவறாக எழுதப்பட்டது. அடிமைத் தாயின் பக்கத்தில் உறங்கிய குழந்தை விடியலில் இறந்து கிடந்தால், தாய் புரண்டு படுத்ததால் மூச்சு முட்டி இறந்ததென்று எழுதுவது வழக்கம். இவற்றுள் பல, இன்று மருத்துவர் கூறும் திடீர்க் குழந்தை மரணமாகவும், நிறைமாதத்திலும் வயலில் உழைத்த தாயின் நலிவால் விளைந்தனவாகவும் இருக்கலாம் எனப் பிற்கால ஆய்வாளர் கருதுகின்றனர். நாளெல்லாம் வேலை வாங்கியவர் பெயர் தீர்ப்பில் வரவில்லை. பிள்ளையைப் பறிகொடுத்தவளே குற்றத்தின் எழுவாய் ஆனாள்.

உள்நாட்டுப் போர் முடிந்து, 1868ஆம் ஆண்டு அரசமைப்பு கறுப்பின மக்களுக்கு வாக்குரிமை தந்தது. அவர்கள் சாட்சி சொன்னார்கள்; நடுவர் குழுவில் அமர்ந்தார்கள்; அதிகாரிகளும் ஆனார்கள். அதன் உச்சமும் வீழ்ச்சியும் ஹேம்பர்க் என்னும் ஆற்றங்கரைச் சிற்றூரில் ஒருங்கே நிகழ்ந்தன. முன்பு எட்ஜ்பீல்டில் இருந்த அவ்வூர், 1871இல் புதிதாக அமைந்த எய்க்கன் மாவட்டத்தில் சேர்க்கப்பட்டிருந்தது. 1876 ஜூலை 4ஆம் நாள், கறுப்பின ஊர்க்காவல் படை தெருவில் அணிவகுத்தபோது, வண்டியில் வந்த வெள்ளையர் இருவர் வழிவிடக் கோரினர். அச்சச்சரவு வழக்காயிற்று. ஜூலை 8 அன்று எட்ஜ்பீல்டிலிருந்தும் சுற்றுப்புறங்களிலிருந்தும் ஆயுதந்தாங்கிய வெள்ளையர் நூற்றுக்கணக்கில் திரண்டு, படையினர் தம் ஆயுதங்களை ஒப்படைக்க வேண்டும் என்றனர். படையினர் மறுத்தனர். ஆற்றின் மறுகரையிலிருந்து பீரங்கியும் வந்தது. இரவு முடிவதற்குள் வெள்ளையர் ஒருவரும் கறுப்பினத்தார் அறுவரும் மாண்டனர். சிறைபிடிக்கப்பட்டோரிலிருந்து ஆள் பொறுக்கியெடுத்துச் சுட்டுக் கொன்றனர்.

அவ்வூரின் விசாரணை நீதிபதி பிரின்ஸ் ரிவர்ஸ். ஒரு காலத்தில் அடிமையாயிருந்து, தப்பிச் சென்று, வடபுலப் படையில் சார்ஜண்டாகப் போரிட்டவர் அவர். மரண விசாரணையை அவரே நடத்தினார். உயிர் பிழைத்தோர் அச்சத்தை விட்டுச் சாட்சி சொன்னார்கள். நடுவர் குழு எண்பதுக்கும் மேற்பட்ட வெள்ளையரைப் பெயர் சொல்லிக் குற்றஞ்சாட்டியது. இம்முறை எழுவாய் மறையவில்லை; ஒவ்வொரு பெயராக ஏட்டில் ஏறியது. ஆனால், எழுவாய்க்கு ஏற்ற பயனிலை வரவே இல்லை. குற்றஞ்சாட்டப்பட்டோர் பிணையில் சென்றனர், வழக்கு ஒத்திவைக்கப்பட்டது, ஒருவர்கூடத் தண்டனை பெறவில்லை. ஆயுதங்களைக் கேட்ட எட்ஜ்பீல்டு வழக்கறிஞர் மேத்யூ பட்லர், மறு ஆண்டே செனட்டர் ஆனார். அந்நாளின் செயலில் பங்குகொண்ட எட்ஜ்பீல்டு இளைஞர் பெஞ்சமின் டில்மன், பின்னாளில் மாநில ஆளுநராகி, அதனை மேடைகளில் பெருமையாகப் பேசினார். 1916இல் மாண்ட வெள்ளையருக்கு மட்டும் அருகிலிருந்த நகரில் நினைவுத்தூண் எழுந்தது.

அதன்பின் தென்மாநிலங்களெங்கும் கும்பல் கொலைகள் பெருகின. பட்டப்பகலில், பலர் காண, ஊரறிந்தவர்கள் ஒருவரைத் தூக்கிலிடுவார்கள். மறுநாள் கூடும் விசாரணைக் குழு, ‘பெயர் தெரியாதோர் கையால் இறந்தார்’ என்று எழுதிக் கலையும். எழுதியோருள் சிலர் அக்கும்பலிலேயே நின்றிருக்கக்கூடும். ஹேம்பர்க் ஏட்டில் பெயர்கள் எழுதப்பட்டும் நீதி கிடைக்கவில்லை. எனினும் பெயர்கள் இருந்ததால்தான் இன்றைய வரலாற்றாசிரியரால் அக்கொலைகளைக் கொலைகள் என்று உறுதியாகச் சொல்ல முடிகிறது. ‘பெயர் தெரியாதோர்’ என்ற ஏடுகளோ அந்த வாய்ப்பையும் அடைத்துவிட்டன.

ஆசிரியப் பெருமக்களே, இதை ஒரு மொழிக் கழக மேடையில் சொல்வதற்குக் காரணம் உண்டு. ‘தாக்கப்பட்டார்’, ‘கலவரம் வெடித்தது’, ‘உயிர்கள் பறிபோயின’ என்று நாமும் நாள்தோறும் எழுதுகிறோம். செயப்பாட்டுவினை மொழிக்குத் தேவையானதே. செய்தவர் உண்மையில் தெரியாதபோது அதுவே நேர்மையான நடை. தெரிந்திருந்தும் அதைக் கையாள்வது வேறு. மாணவர் அத்தகைய தொடரைப் படிக்கும்போது ‘செய்தவர் யார்?’ என்று கேட்கப் பழக்குவோம். விடை கிடைக்காத இடத்தில், அது தெரியாததா, மறைக்கப்பட்டதா என்று அடுத்த வினாவையும் கேட்கப் பழக்குவோம். பருத்திக் காட்டில் உடலைச் சுற்றி நின்ற அந்தக் குழுவினர் கேட்க வேண்டியிருந்ததும் இதே வினாதான். அவர்களுள் பலர் கேட்கவில்லை. ஹேம்பர்க்கில் சிலர் உயிரைப் பணயம் வைத்துக் கேட்டனர். அந்தச் சிலரின் பக்கம் நம் மாணவர் நிற்கவேண்டும் என்பதே நம் விருப்பம்.